கேட்சருக்கு மட்டையா, கிளவ்வா? சிமுலேஷன் பேஸ்பால் டிராஃப்டில் யாரை எடுப்பது

நிஜ ஆட்டக்காரர்களின் எண்களை வைத்துப் பகடையிலோ கணினியிலோ ஆடும் பேஸ்பால் இது. ஆட்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் உங்கள் முறை வந்துவிட்டது. கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி) இடம் இன்னும் காலி. மிச்சம் இருப்பவர்களில் தேறுகிறவர்கள் இரண்டே பேர் என்று வைத்துக்கொள்வோம்: ஜீன் டெனஸ், ஜிம் சண்ட்பெர்க். இருவரும் 1970-களில் ஆடியவர்கள். சண்ட்பெர்க் 1976 முதல் 1981 வரை வரிசையாக 6 கோல்டு கிளவ் (சிறந்த ஃபீல்டருக்கான விருது) வாங்கியவர். அவர் உட்கார்ந்திருக்கும்போது இரண்டாவது பேஸுக்கு ஓட ஓட்டக்காரர்கள் யோசிப்பார்கள். டெனஸ் கேட்சர் வேலையில் சுமார்தான், பாதி நாள் முதல் பேஸில் நிற்க வைத்துவிடுவார்கள். ஆனால் மட்டை பிடித்தால் வேறு ஆள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் சண்டை நன்றாகவே தெரியும். கீப்பராகப் பார்ப்பதா, பேட்ஸ்மேனாகப் பார்ப்பதா என்று கில்கிறிஸ்ட் காலத்திலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறோம். பேஸ்பால் சிமுலேஷனில் ஒரு வசதி உண்டு. இங்கே எல்லாமே எண்தான், ஆட்டம் எந்த விதிப்படி ஓடுகிறது என்பதும் வெளியே தெரியும். அதனால் ரசனையை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் மட்டை. இருவருடைய பேட்டிங் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சண்ட்பெர்க்கின் மொத்த ஆட்டக்காலச் சராசரி .248, டெனஸுடையது .241. அப்படியானால் சண்ட்பெர்க் கொஞ்சம் மேல்தானே என்று தோன்றும். ஆனால் டெனஸ் வாக் வாங்குவதில் (நாலு தப்பான பந்தை விட்டுவிட்டு இலவசமாக முதல் பேஸ் போவதில்) கெட்டிக்காரர். அவருடைய ஆன்-பேஸ் (எத்தனை பங்கு முறை பேஸ் ஏறினார் என்ற எண்) .388, சண்ட்பெர்க்குடையது .327. நூறு முறை மட்டை பிடிக்க வந்தால் டெனஸ் ஆறு முறை கூடுதலாக பேஸ் ஏறுகிறார். அடியின் பலத்தைக் காட்டும் ஸ்லக்கிங்கில் .429-க்கு .348. டெனஸ் அடித்த ஹோம் ரன் 201, அதில் பாதிகூட சண்ட்பெர்க்கிடம் இல்லை.

இதை ரன்னாக மாற்றினால் என்ன வரும்? ஒரு கேட்சர் சீசனில் 130 ஆட்டம் ஆடினால் சுமார் 520 முறை மட்டை பிடிப்பார். வாக், ஹோம் ரன் என்று ஒவ்வொன்றும் சராசரியாக எத்தனை ரன் தரும் என்ற வழக்கமான ரன் மதிப்புகளை வைத்துப் போட்டுப் பார்த்தால் டெனஸ் மாதிரி ஒருவர் சண்ட்பெர்க் மாதிரி ஒருவரைவிட ஏறக்குறைய 30 ரன் கூடுதலாகக் கொண்டுவருகிறார். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது பேஸ்பாலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால் இது மூன்று வெற்றி. இந்த மூன்றையும் சண்ட்பெர்க்கின் கிளவ் ஈடுகட்டுமா என்பதுதான் கேள்வி.

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கை வைத்துப் பார்ப்போம். ஹால் ரிச்மன் 1961-ல் விற்க ஆரம்பித்த பகடை ஆட்டம் இது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவருடைய ஒரு சீசன் எண்களிலிருந்து செய்த ஒரு கார்டு உண்டு. இன்றும் ஏராளமான லீக்குகள் இதில்தான் ஓடுகின்றன, கணினியிலும் வந்துவிட்டது. இதில் கேட்சரின் தடுப்பு பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும்: 1 முதல் 5 வரை ஒரு ஃபீல்டிங் தரம் (1 தான் உசத்தி), பிழை எண், ஒரு த்ரோ எண், பந்து நழுவ விடுவதற்கு ஓர் எண். டிராஃப்டில் எல்லோர் கண்ணும் போவது த்ரோ எண்ணுக்குத்தான். -4 என்று போட்டிருந்தால் மேசையைச் சுற்றி ஒரு முணுமுணுப்பு எழும்.

அந்த -4 என்ன செய்கிறது? ஸ்டீல் செய்ய, அதாவது பிட்சர் பந்து எறியும்போதே அடுத்த பேஸைத் திருட, ஓடுகிறவருக்குக் கார்டில் ஓர் எண் இருக்கும். அதோடு கேட்சரின் த்ரோ எண்ணையும் பிட்சர் ஓட்டக்காரரைக் கட்டிப்போடும் எண்ணையும் கூட்டி, 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் 5 சதவீதம். ஓட்டக்காரரின் எண் 15, பிட்சர் எண் பூஜ்யம் என்று கொள்ளுங்கள். +1 கேட்சருக்கு எதிரே அவர் 80 சதவீதம் தப்பிப்பார், -4 கேட்சருக்கு எதிரே 55 சதவீதம்தான். இருபத்தைந்து சதவீத வித்தியாசம் என்றதும் மலைப்பாகத்தான் இருக்கும்.

இங்கேதான் பலரும் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஒரு ஸ்டீல் வெற்றி பெற்றால் தாக்கும் அணிக்குக் கிடைப்பது சுமார் 0.2 ரன். மாட்டிக்கொண்டால் போவது 0.4 ரன்னுக்குச் சற்று மேல். ஆகவே மூன்றில் இரண்டு முறைக்கு மேல் ஜெயித்தால்தான் ஓடுவது லாபம். எதிரே உட்கார்ந்திருப்பவர் விவரமானவர் என்றால் 55 சதவீதத்துக்கு ஓடவே மாட்டார். நின்றுவிடுவார். -4 கேட்சர் நாலு பேரைச் சுட்டு வீழ்த்திக் கைதட்டல் வாங்குவார் என்று கற்பனை செய்து எடுத்திருப்பீர்கள், கடைசியில் அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். அவரால் கிடைக்கும் லாபம், எதிரணி ஓடாமல் இருப்பது மட்டுமே.

சரி, அப்படியானால் மோசமான த்ரோவின் விலை என்ன? +1 கேட்சருக்கு எதிரே 80 சதவீதத்தில் ஒரு முறை ஓடினால் எதிரணிக்கு நிகர லாபம் 0.08 ரன்கூட வராது. ஒரு ரன் சம்பாதிக்க அவர்கள் பதின்மூன்று முறை ஓட வேண்டும். சீசன் முழுக்க 150 முறை ஓடினாலும் 11 ரன்தான். அந்த 150 ஓட்டமும் கண்ணில் குத்தும், ஒவ்வொன்றும் வயிற்றெரிச்சலைக் கிளப்பும், அது வேறு விஷயம். டெனஸ் வாங்கிய ஒரு வாக்கை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அவர் தலைக்கு மேல் எறிந்த த்ரோவை மூன்று வாரம் பேசுவார்கள்.

நிஜ உலகத்திலும் டெனஸ் விஷயத்தில் இதே குழப்பம் வந்திருக்கிறது. 1972 உலகத் தொடரில் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) ஓக்லண்ட் அணிக்கு அவர்தான் கேட்சர். அந்த ஆண்டு சீசன் முழுக்க 5 ஹோம் ரன் அடித்திருந்தவர், தொடரில் முதல் இரண்டு முறை மட்டை பிடித்தபோதும் ஹோம் ரன் அடித்தார். அதற்கு முன் யாரும் அப்படி அடித்ததில்லை. தொடரில் மொத்தம் 4, தொடர் நாயகன் விருதும் அவருக்கே. ஆனால் எதிரே இருந்தது சின்சினாட்டி. அந்த ஆண்டு 58 ஸ்டீல் செய்திருந்த ஜோ மார்கன் இருந்த அணி. ஏழாவது ஆட்டத்தில் மேனேஜர் டிக் வில்லியம்ஸ் டெனஸை முதல் பேஸுக்கு நகர்த்திவிட்டு டேவ் டங்கனைக் கேட்சராக உட்கார வைத்தார். மட்டையும் போகவில்லை, ஹோம் பிளேட் என்கிற தட்டுக்குப் பின்னால், அதாவது கேட்சர் இடத்தில், வேறு ஆளும் வந்தாயிற்று. ஓக்லண்ட் 3-2 என்று ஜெயித்தது. ஸ்ட்ராட் லீக்கில் டெனஸ் மாதிரி கார்டை எடுக்கிறவர்கள் வேறு எந்த இடங்களுக்குத் தரம் போட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் பேஸிலும் தரம் போட்டிருந்தால் அவருடைய விலை இன்னும் கூடுகிறது.

அடுத்து ஃபீல்டிங் தரம். 1 என்று போட்ட ஷார்ட்ஸ்டாப்புக்கும் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு இடையே நிற்பவர்) 1 என்று போட்ட கேட்சருக்கும் ஒரே மரியாதை கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்டத்தின் அமைப்பே அதற்கு இடம் தராது. ஸ்ட்ராட்டில் ஒரு பகடை எந்தக் கார்டைப் பார்ப்பது என்று தீர்மானிக்கும், மற்ற இரண்டும் எந்த வரி என்று காட்டும். மொத்தம் 216 வாய்ப்பு. அதில் பாதி பிட்சர் கார்டில். ஃபீல்டரின் தரத்தைப் பார்க்கச் சொல்லும் வாய்ப்புகள் பிட்சர் கார்டின் 108-ல் 30. அந்த 30-ல் ஷார்ட்ஸ்டாப்புக்கு 7, இரண்டாவது பேஸுக்கு 6, கேட்சருக்கு வெறும் 3. ஓர் ஆட்டத்துக்கு எதிரணி 38 முறை மட்டை பிடிக்கிறது என்று கொண்டால், கேட்சரின் தரம் கேள்விக்கு வருவது இரண்டு ஆட்டத்துக்கு ஒரு முறை. 130 ஆட்டத்தில் 70 முறைகூட வராது. முழு சீசன் ஆடும் ஷார்ட்ஸ்டாப்புக்கு 200 முறை வரும்.

அந்த 70-ல் பத்தில் ஒரு பங்கு 1-க்கும் 4-க்கும் இடையே முடிவு மாறுகிறது என்றால் ஏழு சம்பவம், ஐந்து ரன். தாராளமாக நாலில் ஒரு பங்கு மாறுகிறது என்று வைத்தால் 13 ரன். அதற்கு மேல் போக வழியில்லை. பந்து நழுவுவது, வைல்டு பிட்ச் (கேட்சருக்கு எட்டாமல் பிட்சர் எறிவது) எல்லாம் இதோடு சேரும். ஒவ்வொன்றும் கால் ரன்னுக்குச் சற்று மேல், கூடுதலாகப் பதினைந்து விட்டாலும் 4 ரன்தான்.

கூட்டிப் பாருங்கள். த்ரோ 11, தரம் 5, நழுவல் 4, ஆக மொத்தம் 20 ரன். எல்லாவற்றையும் கிளவ் பக்கம் சாய்த்துத் தாராளமாகப் போட்டால் 28. மட்டையின் 30 அப்படியும் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது. வழக்கமான ஸ்ட்ராட் லீக்கில் நான் டெனஸைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன்.

'வழக்கமான' என்ற சொல்லில் நிறைய அடங்கியிருக்கிறது. உங்கள் லீக் எந்த ஆண்டுக் கார்டுகளை வைத்து ஆடுகிறது என்பதைப் பொறுத்து அந்த 11 ரன் சுருங்கும், வீங்கும். 1950-ல் மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கிலேயே அதிக ஸ்டீல் செய்தவர் டாம் டிமாஜியோ. எத்தனை தெரியுமா? 15. அந்த ஆண்டை மறுபடி ஆடும் ரீப்ளேயில் த்ரோ எண்ணுக்குக் காசு கொடுப்பது வீண், ஓடவே ஆள் இல்லை. (அந்த ஆண்டு யோகி பெர்ரா .322 அடித்து 28 ஹோம் ரன் போட்டார், சீசன் முழுக்க ஸ்ட்ரைக் அவுட் ஆனது 12 முறை. அந்தக் கார்டு கிடைத்தால் கட்டுரை படிப்பதை நிறுத்திவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.) இதற்கு நேர் எதிர் 1985. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அந்த ஒரு சீசனில் 314 ஸ்டீல் செய்தது. வின்ஸ் கோல்மன் மட்டும் 110. உங்கள் பிரிவில் அப்படி ஓர் அணி இருந்தால், இன்னும் இரண்டு அணிகள் அதே பாணியில் கட்டப்பட்டிருந்தால், +1 கேட்சருக்கு எதிரே ஓட்டங்கள் 300-ஐத் தாண்டிப் போகும். வெற்றி வீதமும் 85-க்கு ஏறும். அப்போது த்ரோ மட்டுமே 30 ரன். அங்கே சண்ட்பெர்க்தான்.

இப்போதைய கார்டுகள் நடுவில் இருக்கின்றன, கொஞ்சம் கொஞ்சமாக 1985 பக்கம் நகர்கின்றன. 2023-ல் பேஸைப் பெரிதாக்கினார்கள், பிட்சர் ஓட்டக்காரர் பக்கம் திரும்பி எறிவதற்கு வரம்பு வைத்தார்கள். 2022-ல் 2,486 ஆக இருந்த ஸ்டீல் அடுத்த ஆண்டே 3,503 ஆனது, வெற்றி வீதம் 80 சதவீதத்தைத் தாண்டியது. பழைய 2010-களின் கார்டுகளை வைத்துப் பழகியவர்கள் அதே கணக்கில் புதிய டிராஃப்டுக்குப் போகக் கூடாது.

உங்களிடம் இருக்கும் பிட்சர்களையும் பாருங்கள். ஸ்டீலில் கேட்சர் எண்ணும் பிட்சர் எண்ணும் கூட்டப்படுகின்றன என்று சொன்னேன் அல்லவா? ஓட்டக்காரரைக் கட்டிப்போடும் -3 பிட்சர்கள் நாலு பேர் இருந்தால் +1 கேட்சர் சேர்ந்தும் -2 ஆகிவிடுகிறது. ஓடுவது நின்றுவிடும். ஏற்கெனவே நின்றுபோன ஓட்டத்தை மறுபடி நிறுத்த -4 கேட்சர் எதற்கு? மாறாக உங்கள் பிட்சர்கள் எல்லோரும் +4, +5 என்று இருந்தால், நல்ல கேட்சர் அவர்களைக் காப்பாற்றுவார். பல லீக்குகளில் கேட்சரை முதலில் எடுத்துவிட்டுப் பிட்சர்களைப் பின்னால் பார்க்கிறார்கள். நான் பிட்சர்களில் பாதியாவது கைக்கு வந்த பிறகுதான் கேட்சர் பக்கம் திரும்புவேன்.

எதிராளி யார் என்பதும் ஒரு விஷயம்தான். நேருக்கு நேர் ஆடும் மனிதர் உங்கள் கேட்சரின் பலவீனத்தை முதல் இன்னிங்ஸிலேயே மோப்பம் பிடித்துவிடுவார். கணினி மேனேஜரிடம் ஆட்டத்தை விட்டுவிடும் லீக்கில் அவ்வளவு கச்சிதமாக ஓடுவார்கள் என்று சொல்ல முடியாது. முந்தைய சீசனின் ஸ்டீல் பட்டியல் இருந்தால் புரட்டிப் பாருங்கள், உங்கள் லீக்கின் பழக்கம் புரிந்துவிடும்.

பிட்சரே மட்டை பிடிக்கும் பழைய நேஷனல் லீக் ரீப்ளேக்களில் இன்னொரு சிக்கல். அமெரிக்கன் லீக் 1973-லேயே டிஎச் (பிட்சருக்குப் பதில் மட்டை மட்டும் பிடிக்கும் ஆள்) வைத்துக்கொண்டது, நேஷனல் லீக்கில் அது நிலையாக வந்தது 2022-ல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் எட்டாவது இடத்தில் மட்டை தெரியாத கேட்சர், ஒன்பதாவது இடத்தில் பிட்சர் என்று வைத்தால் வரிசையில் இரண்டு ஓட்டை. ஏழாவது ஆள் பேஸ் ஏறினாலும் அங்கேயே நின்று வாடுவார். ரன் மதிப்புகள் சராசரி வரிசையை வைத்துப் போடப்பட்டவை, இந்த இழப்பை அவை முழுதாகக் காட்டுவதில்லை.

இரண்டும் உள்ளவர்களை ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். 1970-ன் ஜானி பெஞ்ச், 45 ஹோம் ரன்னோடு கோல்டு கிளவ்வும். 1999-ன் இவான் ரொட்ரிகஸ், .332, 35 ஹோம் ரன், எம்விபி (சிறந்த ஆட்டக்காரர் விருது). 2025-ல் 60 ஹோம் ரன் அடித்து கேட்சர்களின் சாதனையை உடைத்த கால் ராலே. இவர்களெல்லாம் முதல் சுற்றிலேயே போய்விடுவார்கள், முதல் சுற்றில் உங்கள் முறை கடைசியாக வந்தால் பார்க்கக்கூடக் கிடைக்கமாட்டார்கள். முடிவெடுப்பதில் சிரமம் வருவதே அவர்கள் போன பிறகுதான்.

அப்போது நான் செய்வது இது: மட்டைக் கேட்சரை நடுச் சுற்றுகளில் எடுத்துவிட்டு, கிளவ் கேட்சர் ஒருவரைக் கடைசிச் சுற்றுகளில் பொறுக்கிக்கொள்வேன். .210 அடிக்கும் -3 கேட்சரை யாரும் சீக்கிரம் எடுப்பதில்லை. ஒரு ரன் முன்னிலையோடு எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது அவரை உள்ளே விடுவேன். ஒரு ஸ்டீல் ஆட்டத்தையே மாற்றக்கூடிய நேரம் அதுதான், சீசனின் 150 ஓட்டங்களில் உண்மையில் வலிப்பவை அங்கேதான் இருக்கின்றன. மூன்றாவதாக ஒரு கேட்சர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். மாற்றிய பிறகு காயம் வந்தால் தட்டுக்குப் பின்னால் உட்கார ஆள் இருக்காது.

இதுவரை சொன்னது பகடை ஆட்டத்துக்கு. மார்கஸ் ஹைன்சோன் உருவாக்கிய அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் (ஓஓடிபி) மாதிரியான கணினி ஆட்டத்துக்கு வந்தால் தராசு வேறு பக்கம் சாய்கிறது. காரணம் ஃப்ரேமிங்: ஓரத்தில் வரும் பந்தை ஸ்ட்ரைக் என்று அம்பயர் சொல்லும்படி வாங்கும் திறமை. ஒரு பால் (மட்டையாளருக்குச் சாதகமான தப்பான பந்து) ஸ்ட்ரைக்காக (மூன்று ஆனால் அவுட்) மாறினால் சுமார் 0.125 ரன். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஸ்டீல் மாதிரி ஆட்டத்துக்கு ஒரு முறை வருவதல்ல இது, மட்டை வீசாமல் விடும் ஒவ்வொரு பந்திலும் வருகிறது. ஆட்டத்துக்கு ஒரே ஒரு ஸ்ட்ரைக் கூடுதலாக வாங்கினாலும் 130 ஆட்டத்தில் 16 ரன், இரண்டு வாங்கினால் 32. டெனஸின் மொத்த மட்டை அனுகூலமும் அதில் கரைந்துபோகும். பந்தின் பாதையைக் கேமரா அளக்க ஆரம்பித்து இந்தக் கணக்கு வெளியே வந்த பிறகு, நிஜ அணிகளும் இப்படித்தான் நடந்துகொண்டன. ஜெஃப் மேதிஸ் .194 சராசரியோடு 17 சீசன் ஆடினார். மட்டைக்காக யாரும் அவரை வைத்திருக்கவில்லை.

இதையே ஸ்ட்ராட் கார்டுக்கு நீட்டிப் பார்க்கத் தோன்றும், நீட்டக் கூடாது. ஸ்ட்ராட்டின் பிட்சர் கார்டு அவர் அந்த ஆண்டு நிஜமாகக் கொடுத்த வாக், எடுத்த ஸ்ட்ரைக் அவுட்டிலிருந்து செய்யப்படுகிறது. அவருக்குப் பந்து வாங்கிய கேட்சர் ஃப்ரேமிங்கில் கில்லாடி என்றால், அந்த லாபம் பிட்சர் கார்டிலேயே ஏறியிருக்கும். ஃப்ரேமிங்குக்குப் பேர்போன கேட்சர் யாடியர் மொலினாவுக்கு எறிந்த பிட்சரை எடுத்தாலே மொலினாவின் கையில் ஒரு பங்கு உங்களுக்கு வந்துவிடுகிறது. அதே காரணத்துக்காக மொலினாவுக்கும் கூடுதல் விலை கொடுத்தால் ஒரே பொருளை இரண்டு முறை வாங்குகிறீர்கள்.

ஓஓடிபியில் தராசு எவ்வளவு சாய்கிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும். நிஜத்திலும் 2026 முதல் அம்பயர் முடிவை எதிர்த்துக் கேட்கும் முறை மேஜர் லீக்கில் உண்டு, அணிக்கு இரண்டு வாய்ப்பு. கேட்சர் திருடிய ஸ்ட்ரைக்கைத் தலையில் தட்டிக்காட்டி மட்டையாளர் திருப்பிக் கேட்கலாம். இது ஃப்ரேமிங்கை ஒழித்துவிடாது, கொஞ்சம் மட்டுப்படுத்தும். அதனால் இந்த ஆட்டத்தில் நான் ஃப்ரேமிங் சராசரிக்குக் கீழே இருக்கும் யாரையும் தொடுவதில்லை. சராசரிக்கு மேலே இருப்பவர்களுக்குள் ஆன்-பேஸ் பார்த்து எடுப்பேன். த்ரோ கடைசியில்தான்.

சந்தேகம் இருந்தால் கணினி ஆட்டத்தில் சோதித்துப் பார்க்க வழி உண்டு. பகடையில் அது நடக்காது. லீக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு, ஒரே அணியை ஒரு கேட்சரோடு பல சீசன் ஓட்டுங்கள். பிறகு மற்றவரோடு அதே எண்ணிக்கை ஓட்டுங்கள். அணி அடித்த ரன்னையும் கொடுத்த ரன்னையும் இரண்டு பக்கமும் சராசரி எடுங்கள். ஒன்றிரண்டு சீசனோடு நிறுத்தினால் பயனில்லை. அணியின் மொத்த ரன் அதிர்ஷ்டத்தாலேயே சீசனுக்குச் சீசன் பத்துகளில் ஏறி இறங்கும், நீங்கள் தேடும் 15 ரன் வித்தியாசம் அதில் மறைந்துவிடும்.